உப்பு கசப்பதற்குக் காரணம் கடலல்ல, தூர்ந்துபோன ஓடை

பெருமதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தூத்துக்குடி வட்டாரத்தில் சிறு அளத்து உப்பு என்றாலே "கசக்கும், மூட்டையில் நீர் விடும்" என்று சொல்லி டன்னுக்கு விலையைக் குறைப்பது வழக்கமாகிவிட்டது. பத்து ஏக்கருக்குள் அளம் வைத்திருப்பவருக்கு உப்பு விளைவிக்கும் பக்குவம் போதாது என்றே பலரும் எண்ணுகிறார்கள். பக்குவம் இருக்கிறது. பாத்தியில் எஞ்சும் கசப்பு நீர் வெளியே போகத்தான் வழியில்லை. அந்த நீர் போகும் வாய்க்காலை அளக்காரர்கள் நஞ்சோடை என்பார்கள். அதன் நிலையைத் தங்கள் வாசகர்களும் அரசும் அறிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

வெயிலில் கடல்நீரை நிறுத்தினால் உப்பு கிடைத்துவிடும் என்பது தொழிலுக்கு வெளியே உள்ளவர்களின் நினைப்பு. கடல்நீரில் கரைந்திருப்பது சமையலுப்பு மட்டுமல்ல. சுண்ணாம்பு, ஜிப்சம், மெக்னீசிய உப்புகள் எல்லாம் அதில் உண்டு. நீர் வற்ற வற்ற ஒவ்வொன்றும் தன் முறை வரும்போது படியும். அந்த முறையை அறிந்து நீரைப் பாத்தி மாற்றுவதுதான் உப்புத் தொழில். நீரின் கனத்தை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் கடல்நீர் 3 முதல் 3.5 டிகிரி காட்டும்; நீர் வற்ற வற்ற டிகிரி ஏறும். கிணற்று உப்புநீர் இடத்துக்கு இடம் மாறும். கடல்நீரைவிட இரண்டு மூன்று மடங்கு கனமாகக் கிடைக்கும் இடங்களும் இங்கு உண்டு. தெப்பத்தில், அதாவது நீரை முதலில் நிறுத்தி வற்றவிடும் தேக்கத்தில், தேக்கிய நீர் 7 டிகிரியைத் தொடுவதற்குள் சுண்ணாம்பு படிந்துவிடும். 13 டிகிரிக்கு மேல் ஜிப்சம் படியத் தொடங்கும். 25 டிகிரி வரும்போது 1,000 லிட்டர் கடல்நீர் 100 லிட்டர் அளவுக்குச் சுண்டியிருக்கும். அதற்குப் பிறகுதான் உப்புப் பாத்தியில் நீர் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு 20 டிகிரியிலேயே ஏற்றினால் ஜிப்சம் உப்போடு சேர்ந்து படியும். அப்படிப்பட்ட உப்பைத் தண்ணீரில் கரைத்தால் அடியில் வெண்மணல்போல வண்டல் தங்கும்.

இந்த முதல் எல்லையில் பெரும்பாலானவர்கள் தவறுவதில்லை. தடுமாற்றமெல்லாம் மேல் எல்லையில்தான். 25.5 டிகிரியில் உப்பு கட்டத் தொடங்கி 29 டிகிரி வருவதற்குள் நீரிலுள்ள சமையலுப்பில் முக்கால் பங்குக்கு மேல் படிந்துவிடும். அதற்கு மேல் எஞ்சுவது மெக்னீசியம் குளோரைடும் மெக்னீசியம் சல்பேட்டும் மிகுந்த எண்ணெய்போன்ற நீர். விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் கசப்பு தெரியும். 29 டிகிரியில், தப்பினால் 30 டிகிரிக்குள், இதைப் பாத்தியிலிருந்து வெட்டிவிட வேண்டும். ஒரு டன் உப்பு வாரினால் இந்த நீர் 1,000 லிட்டருக்குக் குறையாமல் எஞ்சும். பருவத்துக்கு 300 டன் வாரும் அளத்துக்கு இது 3 லட்சம் லிட்டர். வெட்டிவிட ஓடை இல்லையென்றால் இவ்வளவு நீரை எங்கே கொட்டுவது?

வேறு வழியில்லாமல் பலர் அதைப் பாத்தியிலேயே விட்டு, மேலே புது நீரை ஏற்றுகிறார்கள். அல்லது பக்கத்துத் தெப்பத்தில் திருப்பிவிடுகிறார்கள். பழைய நீர் சேர்ந்தால் டிகிரி சட்டென்று ஏறுவதால் முதலில் இது லாபம்போலத் தோன்றும். ஆனால் ஹைட்ரோமீட்டர் அளப்பது நீரின் கனத்தைத்தான். அந்தக் கனம் எந்த உப்பால் வந்தது என்று அதற்குத் தெரியாது. மெக்னீசியத்தால் ஏறிய 25 டிகிரியும் நல்ல நீரின் 25 டிகிரியும் ஒன்றல்ல. மெக்னீசியம் மிகுந்த நீர் ஈரத்தை எளிதில் விடாது என்பதால், ஒரே வெயிலில் பக்கத்துப் பாத்தியைவிட மெதுவாகத்தான் வற்றும். உப்பு வாரும் நாள் தள்ளிப்போகும். கட்டும் மணியும் பொடியாக, உள்ளுக்குள் கசப்பு நீரைப் பிடித்துக்கொண்டு கட்டும். மணிக்கு உள்ளே புகுந்த கசப்பை எவ்வளவு கழுவினாலும் எடுக்க முடியாது. இரண்டு மூன்று முறை இப்படிச் செய்த பாத்தி, அந்தப் பருவம் முழுவதும் நல்ல உப்புத் தராது.

டிகிரி பார்ப்பதைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறோம். கருவி 15.6 செல்சியஸ் வெப்பத்துக்கு அளவிடப்பட்டது. நண்பகலில் சூடேறிய நீரை அளந்தால் உண்மையைவிட ஏறக்குறைய ஒரு டிகிரி குறைத்துக் காட்டும். காலையில் 29, மதியம் 28 என்றால் நீர் இளகிவிட்டது என்று பொருளல்ல. நாள்தோறும் ஒரே நேரத்தில், விடியற்காலையில், பாத்தியின் ஓரத்தில் அல்லாமல் நடுவிலிருந்து நீர் மொண்டு பார்ப்பதே சரி.

வாரிய உப்பிலும் ஓடையின் குறை தொடர்கிறது. வாருபலகையால் இழுத்த உப்பைப் பாத்தி ஓரத்தில் குவித்து, நீர் வடியவிட்ட பிறகே, உப்பைக் குவித்து வைக்கும் தட்டுமேட்டுக்கு ஏற்ற வேண்டும். பாத்தியில் கசப்பு நீர் நிற்கும்போது குவியலின் அடி அதிலேயே ஊறிக்கொண்டிருக்கும். வடியவேண்டியது வடியாது. நல்ல தண்ணீரில் கழுவினால் உப்பே கரைந்து போய்விடும் என்பதால், 24, 25 டிகிரியிலுள்ள தெளிந்த உப்புநீரில்தான் கழுவ முடியும். அந்தக் கழுவுநீரை வடிக்கவும் ஓடை வேண்டும். மெக்னீசியம் தங்கிய உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மூட்டை நீர் விடுவது அதனால்தான். அயோடின் கலந்த உப்பாக இருந்தால் கேடு இன்னும் பெரிது. கடையில் விற்கும் உப்பில் குறைந்தது 15 பிபிஎம் (பத்து லட்சத்தில் 15 பங்கு) அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. தயாரிக்கும்போது ஒரு டன் உப்புக்குச் சுமார் 50 கிராம் பொட்டாசியம் அயோடேட் சேர்த்தால் 30 பிபிஎம் வரும். ஈரம் கசியும் மூட்டையில், சேர்த்த அயோடின் நீரோடு மூட்டையின் அடிக்கு இறங்கி வெளியேயும் போய்விடும். வாங்கிச் சமைக்கும் குடும்பத்துக்கு அது கிடைக்காமலே போகிறது.

மழைக்கும் இதே ஓடைதான் காவல். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்பது 40,000 லிட்டர் நல்ல தண்ணீர். அது முழுவதும் கலந்து நின்றால் 14 டன் உப்பைக் கரைக்கும் வலு அதற்கு உண்டு. சித்திரையில் வரும் ஒரு கோடை மழை ஒரு வாரத்து விளைச்சலைக் கொண்டுபோவது இப்படித்தான். ஆனால் மழைநீர் இலேசானது. கனமான உப்புநீரின் மேல் கொஞ்ச நேரம் தனியாகவே மிதக்கும். காற்று கிளம்பி இரண்டையும் கலக்குவதற்குள் மடையின் மேல்பலகையை மட்டும் எடுத்து மேல்நீரை வழியவிட்டால், கீழிருக்கும் உப்பில் பெரும்பகுதி தப்பும். இதைத் தெரியாத அளக்காரர் எவருமில்லை. மேல்நீரை வாங்கிக்கொள்ள ஓடை தாழ்வாக, காலியாக இருந்தால்தானே பலகையை எடுக்க முடியும்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது, இந்த மாவட்டத்து அளங்கள் வெள்ளக்காடாகின. வெள்ளம் கொண்டுவந்த வண்டல் பாத்திகளிலும் ஓடைகளிலும் படிந்தது. பாத்திகளை அவரவர் செலவில் சுரண்டி, வரப்புக் கட்டி, மிதித்துப் பண்படுத்திக்கொண்டோம். ஓடை தனி ஒருவருடையது அல்ல. பத்துப் பதினைந்து அளங்களின் எல்லையைத் தொட்டுக்கொண்டு போகும் அதை ஒருவர் தன் எல்லையில் மட்டும் வெட்டினால், கீழே அடைத்திருக்கும் இடம்வரை நீர் தேங்கி அவருக்கே திரும்பி வரும். இதனால்தான் இதில் அரசு இறங்க வேண்டும் என்று கேட்கிறோம்.

வெட்டும் விதமும் முக்கியம். ஓடையின் அடி, உப்புப் பாத்தியின் அடியைவிடக் குறைந்தது ஓரடி தாழ்ந்திருக்க வேண்டும். முகத்துவாரத்தில் ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவு வேண்டும். இல்லையெனில் அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் கடல் ஓடைக்குள் ஏறி, வடிய வேண்டிய நாளில் வடியவிடாமல் செய்யும். கடல்நீர் எடுக்கும் வாய்க்காலின் தலைப்பும் நஞ்சோடை விழும் இடமும் அருகருகே இருக்கவே கூடாது. அப்படி இருந்தால் வெளியேற்றிய கசப்பையே மறுநாள் தெப்பத்துக்கு இறைப்போம். ஓடையிலிருந்து எடுக்கும் சேற்றை உப்புப் பாத்தியின் வரப்பில் போடாமல் அப்புறப்படுத்த வேண்டும். வரப்பில் போட்டால் முதல் மழையிலேயே அது பாத்திக்குள் இறங்கி உப்பை அழுக்காக்கும்.

கசப்பு நீரைக் கடலில் விடுவது ஒன்றே வழி என்றும் நாங்கள் சொல்லவில்லை. அதில் மெக்னீசியம், பொட்டாசியம், புரோமின் உள்ளன. பாவ்நகரிலுள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் இந்த நீரிலிருந்து பொட்டாஷ் உரம் எடுக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. ஒரு சிறு அளத்தின் நீரை எந்தத் தொழிற்சாலையும் தேடி வந்து வாங்காது. ஓடைகள் ஒரு பொதுத் தொட்டியில் சேர்ந்தால் வாங்க ஆள் வருவார்கள்.

மழைக்கால மாதங்களில் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் வழங்குவது நல்ல உதவி; அது தொடர வேண்டும். அதே தொழிலாளர்கள், அவர்களில் பெரும்பகுதி பெண்கள், பருவம் முழுவதும் வெறுங்காலோடு நிற்பது இந்தக் கசப்பு நீரில். கால் வெடிப்பில் அது இறங்கினால் எரிச்சல் தாங்காது, புண் ஆறவும் ஆறாது. உரிய நேரத்தில் வெட்டிவிட்ட பாத்தியில் உப்பு வாருபவரின் கால் அவ்வளவு பாடுபடாது.

கொள்முதல் செய்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். உப்பைக் கண்ணால் பார்த்துச் "சிறு அளம்" என்று விலை போடாமல், மாதிரி எடுத்து ஈரமும் மெக்னீசியமும் சோதித்து விலை சொல்லுங்கள். சோதனைச் செலவைப் பகிர்ந்துகொள்ள நாங்கள் தயார்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை மாதம் பாத்தி மிதிப்பு தொடங்கும். நீர் ஏற்றிய பிறகு ஓடைக்குள் இயந்திரம் இறக்கினால் வரப்புகள் உடையும். ஆகவே மார்கழிக்குள் தூர்வாரும் வேலை முடிய வேண்டும். அதற்கான அளவெடுப்பை இப்போதே தொடங்குமாறு மாவட்ட நிர்வாகத்தையும் உப்புத் துறையையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சிறு உப்பு உற்பத்தியாளர்கள் சிலர்,
தூத்துக்குடி மாவட்டம்.