ஆண்டறிக்கை 2025–26: 12 வயதுக்குக் கீழே கோப்பை இல்லாமல் ஒரு வருடம்

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கும் பெற்றோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், அதற்குள் நான் போகவில்லை. மற்றபடி இந்த வருடம் நம் ஹாக்கி சங்கத்தில் புதுப் பிள்ளைகள் நிறையச் சேர்ந்திருக்கிறார்கள், பெண் பிள்ளைகளும் போன வருடத்தைவிடக் கூடுதல். மைதானத்தின் மேற்கு ஓரத்தில் மண்டிக் கிடந்த கருவேலஞ்செடிகளைப் பெற்றோர்களே சேர்ந்து வெட்டிக் கொடுத்தீர்கள், அதற்கு நன்றி. ஐப்பசி, கார்த்திகையில் கரிசல் மண் ஸ்டிக்கிலும் ஷூவிலும் அப்பிக்கொண்டு பாதி நாள் பயிற்சி நடக்கவில்லை, இது வருடா வருடம் உள்ளதுதான். கோல் கீப்பர் பேட் இன்னும் ஒரே செட்தான், அதுவும் பெரியவர்கள் அளவு. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

சரி, நான் விரிவாகப் பேச வந்தது ஒரே விஷயம். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை நாக் அவுட் போட்டிகளுக்கு அனுப்புவதில்லை, கோப்பை, சிறந்த வீரர் பரிசு எதுவும் அந்த வயதில் கிடையாது, அணியில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரும் பாதி நேரமாவது களத்தில் ஆட வேண்டும் என்று போன பொதுக்குழுவில் ரொம்ப வாக்குவாதத்துக்குப் பிறகு ஒரு வருடச் சோதனையாக முடிவெடுத்தோம். அந்த ஒரு வருடம் முடிந்துவிட்டது. தொடரலாமா வேண்டாமா என்று இன்றைக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். தொடர வேண்டும் என்பதுதான் என் கருத்து, அதை மறைக்கவில்லை.

கோவில்பட்டிக்கு ஹாக்கி புதிதில்லை. மே மாதம் லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கு நாடு முழுவதிலிருந்தும் அணிகள் வரும்போது இந்த ஊர் எப்படி இருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் ஊர் மாரீஸ்வரனும், இங்கே தங்கிப் பயின்ற அரியலூர் கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடி வெண்கலத்தோடு வந்தபோது நம் தெருவில் ஸ்டிக் கேட்காத பிள்ளை இல்லை. தீப்பெட்டி ஆலை வேலையில் பிள்ளையைப் படிக்க வைக்கும் வீட்டுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டா என்பது வெறும் ஆசை இல்லை, அது ஒரு வழி. அதனால் போட்டியே வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். போட்டி நல்லது. தோற்றுவிட்டு எதிரணிக்குக் கை கொடுப்பது, நேரத்துக்கு வருவது, தன்னைவிட நன்றாக ஆடுகிறவனுக்குப் பந்தைத் தள்ளிவிடுவது, இதெல்லாம் வகுப்பறையில் சொல்லிக் கொடுத்து வருவதில்லை. எந்த வயதில், யாருக்காக, எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் பிரச்சினை.

முன்பு என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். விடியற்காலையில் வேன் வைத்துப் பக்கத்து ஊருக்குப் போவோம். முதல் ஆட்டத்தில் தோற்றால் பத்து மணிக்கெல்லாம் திரும்பி வேனில் ஏற வேண்டியதுதான். கூட வந்தவர்களில் சிலருடைய ஸ்டிக் பையை விட்டே வெளியே வந்திருக்காது. நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் இடைவேளைக்கு இடைவேளை வந்து “சார், என்னைய இறக்குவீங்களா?” என்று கேட்பான், ஆட்டம் முடியும்வரை ஷின் கார்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பான். இன்னொரு பையன், நன்றாக ஆடுகிறவன், ஒவ்வொரு போட்டி அன்று காலையிலும் வாந்தி எடுப்பான். அவன் அம்மா வெறும் வயிற்றுக் கோளாறு என்றே நினைத்துக்கொண்டிருந்தார். இந்த வருடம் ஒரு தடவைகூட அவன் வாந்தி எடுக்கவில்லை, இதை அவன் அம்மாவே செயற்குழுவில் வந்து சொன்னார்.

சிறந்தவர்களை மட்டும் இறக்கினால் ஜெயிக்கலாமே என்பார்கள். பத்து வயதில் சிறந்தவன் யார் என்று பார்ப்போமா? வயதுக் கணக்கு டிசம்பர் 31 வைத்து. ஜனவரி முதல் வாரம் பிறந்தவனும் அதே வருட டிசம்பர் கடைசியில் பிறந்தவனும் ஒரே பிரிவு. பத்து வயதில் ஒரு வருட வித்தியாசம் என்றால் அவன் வாழ்ந்த வாழ்க்கையில் பத்தில் ஒரு பங்கு. உயரம், வேகம், சொன்னதைப் புரிந்துகொள்வது எல்லாவற்றிலும் அது தெரியும். கனடாவில் ஐஸ் ஹாக்கி அணிகளில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருப்பதை ரோஜர் பார்ன்ஸ்லி என்பவர் 1985லேயே எடுத்துக் காட்டினார். முன்னால் பிறந்தவனைத் திறமைசாலி என்று தேர்ந்தெடுத்து, அவனுக்கே நல்ல கோச்சும் கூடுதல் ஆட்டமும் கொடுத்தால் அவன் உண்மையிலேயே தேறிவிடுவான். டிசம்பர்ப் பிள்ளை ‘நமக்கு இது வராது’ என்று எட்டாம் வகுப்புக்குள் ஸ்டிக்கைத் தம்பியிடம் கொடுத்துவிடுவான். நம் மைதானத்தில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம். அதனால்தான் இந்த வருடம் சில வாரங்களில் வயதை விட்டுவிட்டு உயரம், எடை பார்த்து அணி பிரித்தோம். குள்ளமான பிள்ளைகள் அந்த வாரங்களில்தான் முதல் தடவையாக ஆளை வெட்டிக்கொண்டு பந்தை எடுத்துப் போனார்கள்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிறந்த தேதியை மாற்றிக் காட்ட முடியுமா என்று இந்த வருடமும் ஒரு சிலர் கேட்டார்கள். முடியாது. 2015ல் பட்டோடி நினைவு உரையில் ராகுல் திராவிட் இதைத்தான் கடுமையாகப் பேசினார்: பொய்யான வயதில் ஆடவைக்கும் பெரியவர்கள் அந்தப் பிள்ளைக்கு முதலில் கற்றுக்கொடுப்பது ஏமாற்று. நம் சங்கத்தில் அதற்கு இடமில்லை.

அடுத்து வலி. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு முழங்காலுக்குக் கீழே, எலும்பு முன்னால் துருத்துகிற இடத்தில், கொட்டைப்பாக்கு அளவுக்கு வீங்கியிருந்தது. தொட்டாலே துள்ளினான். வீட்டில் வளர்ற வலி என்று தைலம் தேய்த்திருக்கிறார்கள். டாக்டரிடம் காட்டியதில் ஆஸ்குட் ஸ்லாட்டர் என்றார். தொடைத் தசை போய்ச் சேருகிற இடத்தில் எலும்பு இன்னும் இளசாக இருக்கிறது, சடசடவென்று உயரம் கூடுகிற வயதில் ஓட்டமும் குதிப்பும் அதிகமானால் அங்கே இழுத்து இழுத்துப் புண்ணாகிறது, ஓய்வு கொடுத்துப் படிப்படியாக விட்டால் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும் என்று விளக்கினார். அவன் பள்ளி அணி, நம் அணி, அதற்கு மேல் ஞாயிற்றுக்கிழமை ஒரு தனிக் கோச்சிங் என்று ஏழு நாளும் ஆடிக்கொண்டிருந்தான். ஓய்வு நாளே இல்லை. அமெரிக்காவில் நீரு ஜெயந்தி என்ற விளையாட்டு மருத்துவர் இளம் வீரர்களைப் பெரிய அளவில் ஆராய்ந்திருக்கிறார். தன் வயதைவிட அதிக மணி நேரம் வாரத்தில் பயிற்சி எடுக்கும் பிள்ளைக்கு, அதாவது 11 வயதில் 11 மணி நேரத்துக்கு மேல் ஆடுகிற பிள்ளைக்கு, இந்த மாதிரி அளவுக்கு மீறி ஆடி வரும் காயம் கூடுகிறது என்று கண்டார். கோச் வைத்து ஆடும் நேரம், தானாகத் தெருவில் விளையாடும் நேரத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் போனாலும் அப்படித்தான். எனவே இப்போது வாரம் நான்கு நாள்தான் பயிற்சி. மீதி நாளில் கிட்டியோ, கபடியோ, கண்மாயில் நீச்சலோ, அவர்கள் இஷ்டம். ஹாக்கியைத் தவிர வேறு எதுவும் ஆடக் கூடாது என்று சொல்லும் கோச் நமக்கு வேண்டாம்.

எங்களை ரொம்ப யோசிக்க வைத்த இன்னொரு ஆய்வு உண்டு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மோல் இருவரும் சிறுவர் பேஸ்பால் கோச்சுகளுக்கு ஒரு சின்னப் பயிற்சி கொடுத்தார்கள். நன்றாகச் செய்தால் உடனே சொல், தப்புச் செய்தால் முதலில் தைரியம் சொல்லி அப்புறம் எப்படித் திருத்துவது என்று காட்டு, திட்டாதே, அவ்வளவுதான். 1992ல் வந்த முடிவு: பயிற்சி பெறாத கோச்சுகளிடம் ஆடிய பிள்ளைகளில் 26 சதவீதம் பேர் அடுத்த வருடம் திரும்பி வரவில்லை, பயிற்சி பெற்றவர்களிடம் ஆடியவர்களில் 5 சதவீதம்தான் வரவில்லை. வெற்றி தோல்வியில் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. இதை நம் இரண்டு கோச்சுகளிடமும் உட்கார்ந்து பேசினோம். சீனியர் கோச், அவர் அடி வாங்கி ஆடி வந்தவர், முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது அவர் பந்தைத் தவறவிட்ட பிள்ளையைக் கூப்பிட்டுக் குனிந்து, ஸ்டிக்கில் இடது கை எங்கே இருக்க வேண்டும் என்று பிடித்துக் காட்டுவதைத் தினமும் பார்க்கிறேன். அவருக்கு இந்தச் சபையில் ஒரு கைதட்டல் கொடுக்க வேண்டும்.

பெற்றோர் விஷயமும் பேசத்தான் வேண்டும். எல்லைக்கோட்டுக்குப் பின்னால் கயிறு கட்டி, அதற்கு வெளியே நின்று கை மட்டும் தட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். “ஏல, அடில அத! என்னல பாத்துக்கிட்டு நிக்க?” என்று ஒரு அப்பா கத்தினால் அந்தப் பிள்ளை பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அப்பாவைப் பார்க்கிறது. கோச் ஒன்று சொல்கிறார், அப்பா ஒன்று சொல்கிறார், பிள்ளை நடுவில் நிற்கிறது. வீட்டுக்குப் போகிற வழியில் பைக்கில் உட்காரவைத்து ஆட்டத்தைப் பற்றி விசாரணை நடத்தாதீர்கள் என்றும் கேட்டோம். பசிக்குதா, என்ன வாங்கணும் என்று கேளுங்கள், போதும். பெரும்பாலோர் ஒத்துழைத்தீர்கள். சில அம்மாக்கள் தாங்களாகவே முறை வைத்துத் தண்ணீரும் கடலை மிட்டாயும் கொண்டுவந்து இரண்டு அணிக்கும் கொடுத்தது இந்த வருடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

எதிர்ப்பும் இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. “போட்டின்னா ஜெயிக்கணும், இல்லைன்னா எதுக்கு ஸ்டிக் வாங்கிக் குடுக்கணும்” என்று சொல்லி மூன்று குடும்பங்கள் பிள்ளைகளை வேறு கிளப்புக்கு மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் மேல் கோபமில்லை, எப்போது வந்தாலும் இடம் உண்டு. ஆனால் அவர்களுடைய பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்: இப்படி விட்டால் பிள்ளை பின்தங்கிவிடுமா? அரசு விளையாட்டு விடுதிக்கான தேர்வே ஏழாம் வகுப்பிலிருந்துதான். அதற்கு முன்னால் வாங்கும் பிளாஸ்டிக் கோப்பையை எந்தத் தேர்வாளரும் பார்ப்பதில்லை, பந்தை நிறுத்தத் தெரிகிறதா, தலை நிமிர்ந்து ஆடுகிறானா என்றுதான் பார்ப்பார்கள். நார்வேயில் 11 வயதுக்கு முன் புள்ளிப் பட்டியலே போடுவதில்லை, 13 வயதுக்கு முன் தேசிய சாம்பியன்ஷிப் கிடையாது. அந்த நாடுதான் 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கத்தோடு முதலிடம் பிடித்தது. அங்கே பனியும் பணமும் உண்டு, நாம் அதோடு நம்மை ஒப்பிட முடியாதுதான், ஆனால் பொறுத்திருந்தால் கெட்டுப்போகும் என்ற பேச்சுக்கு அது நல்ல பதில். ஜூடோ பிறந்த ஜப்பானிலேயே தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான தேசியப் போட்டியை அந்த நாட்டு ஜூடோ கூட்டமைப்பு 2022ல் நிறுத்திவிட்டது. ஜெயிப்பதற்காகப் பெரியவர்கள் வரம்பு மீறுகிறார்கள் என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

நவம்பர், டிசம்பரில் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பைக்குப் பிள்ளைகளை மதுரைக்குக் கூட்டிப் போனோம். ஜூனியர் என்றதும் தங்கள் வயதுதான் என்று நினைத்து வந்தவர்கள், மைதானத்தில் மீசையோடு நின்றவர்களைப் பார்த்து அசந்துவிட்டார்கள். அது 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான போட்டி. பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த இடத்துக்குப் போக இன்னும் பத்து வருடம் இருக்கிறது என்று திரும்பி வரும்போது வேனில் பெற்றோர்களிடம் சொன்னேன்.

பெண் பிள்ளைகள் பற்றி வருத்தமான செய்தியும் உண்டு. சின்ன வயதில் கூடுதலாகச் சேர்கிறார்கள், ஆனால் எட்டாம் வகுப்பு வந்ததும் நின்றுவிடுவது இந்த வருடமும் நிற்கவில்லை. காரணம் ஆர்வக் குறைவு இல்லை. மைதானத்தில் கழிப்பறை இல்லை, உடை மாற்ற இடமில்லை, இருட்டிய பிறகு தனியாக வீட்டுக்குப் போக வேண்டும். கழிப்பறைக்குக் கொடுத்த மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. இப்போதைக்கு அவர்கள் பயிற்சியைக் காலைக்கு மாற்றியிருக்கிறோம், ஒரு அம்மா கட்டாயம் உடனிருக்கிறார், கோச்சுகள் யாரும் எந்தப் பிள்ளையையும் தனியாக வண்டியில் ஏற்றக் கூடாது என்பதும் விதி. இதில் யாருக்கும் விதிவிலக்கு இல்லை.

கோல் கீப்பர் பேட் விஷயம். ஐந்தாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி, தானாகவே கோல் காக்க வந்தவள், தொடையைத் தாண்டி இடுப்பில் இடிக்கிற பேடைக் கட்டிக்கொண்டு நடக்கவே முடியாமல் ஆடுகிறாள். பட்டையைக் கயிறு வைத்து இறுக்கிக் கட்டுகிறோம். பந்து 160 கிராம் பக்கம், கல்லு மாதிரி வரும், சின்ன அளவில் ஒரு முழு செட்டும் ஹெல்மெட்டும் அவசரமாக வேண்டும். நன்கொடை தர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரிடம் பெயர் கொடுங்கள்.

இனி தீர்மானம்: 12 வயதுக்கு உட்பட்டோருக்கான இந்த ஏற்பாட்டை இன்னும் மூன்று ஆண்டுகளுக்குத் தொடர்வது, அந்த வயதுக்கு மேல் வழக்கம்போல எல்லாப் போட்டிகளுக்கும் அணி அனுப்புவது. முன்மொழிவது நான், வழிமொழிய ஒருவர் வேண்டும். எதிராகப் பேச நினைப்பவர்கள் முதலில் பேசுங்கள், அப்புறம் கை தூக்குவோம்.