வடிகாலை விட்டுக்கொடுக்க மாட்டேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் எங்கள் அன்பைச் சொல். போன வாரம் தொலைபேசியில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "இவ்வளவு தொல்லைக்கு நடுவில் எதற்கப்பா விவசாயம்? நல்ல விலை வரும்போதே கொடுத்துவிட்டு இங்கே வந்துவிடுங்கள்" என்றாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் பேச்சை மாற்றினேன். எழுதினால்தான் எனக்குக் கோவையாக வரும்.

சித்தப்பா வகையறா விற்ற பத்து மா நிலத்தில், மூன்று ஏக்கருக்கு மேல் இருக்கும், மனை போட்டது உனக்குத் தெரியும். இப்போது அங்கே பதினேழு வீடு எழும்பிவிட்டது. கோரையாற்றிலிருந்து பிரிந்து வரும் வாய்க்காலில் நமக்குத் தண்ணீர் ஏறுவதில் குறை இல்லை, வடிவதில்தான் வினை. சிறு வயதில் நீ பாவாடையை ஏந்திக் கெண்டைக் குஞ்சு பிடித்த வடிகால் நினைவிருக்கிறதா? அதன் குறுக்கே ஒரு சாண் அகலத்தில் இரண்டு சிமெண்டுக் குழாயைப் போட்டு, மேலே கிராவலைக் கொட்டி, மனைக்குச் சாலை போட்டுவிட்டார்கள். போன ஆவணியில் நடந்தது. அப்போதே நான் போய்ச் சொன்னேன். "தண்ணீர் போக வழி வைத்திருக்கிறோமே" என்றார்கள்.

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. தாளடி நெல் நட்டு இருபத்தைந்து நாள்கூட ஆகவில்லை. குழாய் இரண்டும் செத்தையில் அடைத்துக்கொண்டன. ஒன்பதாம் நாள் வயலில் இறங்கி ஒரு குத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். வேர் வரவில்லை, தண்டு மட்டும் கையோடு வந்தது. அடித்தண்டு பழுப்பேறிக் கொழகொழத்து, ஊறிய சணலின் நாற்றம் அடித்தது. கரையோரத்தில் நான்கு மா அப்படியே போயிற்று. நட்ட கூலியும் உரமும் போனது போகட்டும். தண்ணீர் இல்லாமல் கருகிய பயிரைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து நிலத்துக்காரர் வழி அடைத்து அழுகிய பயிரை இந்த அறுபத்தாறு வயதில்தான் பார்த்தேன்.

மிஞ்சியதை மாசியில் அறுத்தேன். அறுவடை இயந்திரம் நமக்கு வேண்டிய நேரத்துக்குக் கிடைக்காது, முறை வந்தது இரவு பதினொரு மணிக்கு. நேரடி கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள் என்பதால், களம் இல்லாத எல்லோரையும்போல நானும் தார்ச்சாலை ஓரத்தில் நெல்லைக் காயவைத்தேன். பத்து நாளில் ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இரவில் இரைச்சல், நெல் தூசி, சாலையில் இடையூறு, எருக்குழி நாற்றம் என்று புதிய வீட்டுக்காரர்கள் மனுக் கொடுத்திருக்கிறார்களாம். ஏழு நாளில் விளக்கம் தர வேண்டுமாம். நாற்பது வருடம் இதே வயலில் நின்றவனிடம், நீ ஏன் இங்கே விவசாயம் செய்கிறாய் என்று கேட்டதுபோல இருந்தது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. இதை அம்மா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

மறுநாள் மனுவில் முதல் கையெழுத்துப் போட்டிருந்த வீட்டுக்கே போனேன். சண்டைக்குத்தான் போனேன். கதவைத் திறந்தது உன் வயதுப் பெண். இடுப்பில் நம் பேரன் வயதில் ஒரு குழந்தை, மூச்சு விடும்போது நெஞ்சுக்கூடு உள்ளே போய்ப் போய் வந்தது. அறுவடை நடந்த இரவு குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம். "மனை பார்க்க வந்தபோது ஒரே பச்சையாக இருந்தது ஐயா. ஆசைப்பட்டு வாங்கினோம். அறுவடை என்றால் இப்படி இருக்கும் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை" என்றாள். நான் என்ன சொல்வேன்? அவள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்தேன்.

அப்போதுதான் நீ முன்பு அனுப்பிய படம் நினைவுக்கு வந்தது. நீங்கள் இருக்கும் மாசசூசெட்ஸில் ஊர் எல்லையில் நட்டிருக்கும் அந்தப் பலகை. இது விவசாயம் செய்யும் உரிமை உள்ள ஊர் என்று எழுதியிருப்பதாகச் சொன்னாயே. ஊர்க்கூட்டத்தில் ஓட்டுப் போட்டு அப்படி விதி இயற்றிக்கொள்கிறார்கள் என்றும், வீடோ மனையோ வாங்க வருகிறவரிடம் இங்கே தூசியும் ஓசையும் எரு நாற்றமும் இருக்கும் என்று முன்கூட்டியே எழுத்தில் கொடுக்கிறார்கள் என்றும் சொன்னாய். ஓராண்டுக்கு மேல் ஒழுங்காக நடந்துவரும் பண்ணையின்மீது, பின்னால் குடிவந்தவர் தொல்லை என்று வழக்குப் போட்டால் அந்த மாநிலச் சட்டத்தில் நிற்காதாம், ஆனால் பண்ணைக்காரர் அலட்சியமாக இருந்தால் அந்தக் காப்பு கிடையாதாம். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இப்படிச் சட்டம் உண்டு என்றாய். வட கரோலினாவில் பெரிய பன்றிப் பண்ணைகளின் கழிவுக் குட்டைக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு இதே வகைச் சட்டம் பகையாய் முடிந்ததையும் மறைக்காமல் சொன்னாய். அதையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். எருக்குழியை அந்த வீடுகளின் பக்கத்திலிருந்து மேற்குக் கரைக்கு மாற்றிவிட்டேன். அவர்கள் கேட்டதில் அது நியாயம்.

நமக்குச் சட்டமே இல்லையா என்று நீ கேட்பாய். 2017 பிப்ரவரியில் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் எடுப்பதை எதிர்த்த போராட்டத்துக்கு நான் போய் உட்கார்ந்தபோது நீ கல்லூரியில் இருந்தாய். அதற்கும் முன்பே இயற்கை விவசாயத்துக்காக உழைத்த நம்மாழ்வார் ஐயா, மீத்தேன் எரிவாயு எடுக்கும் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராக நடந்தார். 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைப் பக்கம் பிச்சினிக்காட்டில், அந்தப் பிரசாரத்துக்கு வந்த இடத்திலேயே உயிர் பிரிந்தது. அத்தனை பேர் வெயிலில் கிடந்து பெற்றதுதான் நம் டெல்டாவுக்கு 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம். புதிதாக எண்ணெய்க் கிணறு தோண்டக் கூடாது, உருக்காலை வரக் கூடாது, தோல் பதனிடும் ஆலை வரக் கூடாது. 2023இல் தஞ்சாவூர் மாவட்டத்து வடசேரியை நிலக்கரிச் சுரங்க ஏலப் பட்டியலில் சேர்த்தபோது, அந்தச் சட்டத்தைச் சொல்லித்தான் எதிர்த்தோம், எடுத்துவிட்டார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் வீட்டுமனை அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. எண்ணெய்க் கிணற்றைத் தடுத்த ஊரில் இரண்டு சிமெண்டுக் குழாய் என்னைத் தோற்கடிக்கப் பார்க்கிறது.

வக்கீலைப் பார்த்தேன். வடிகாலின் மேல்பாதி புல வரைபடத்தில் புறம்போக்காகவே இருக்கிறது, அதை யாரும் மூட முடியாது. கீழ்ப்பாதி மனைக்காரர் வாங்கிய பட்டாவுக்குள் போகிறது. அதற்கு 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் இருக்கிறதாம். இருபது ஆண்டு தடையில்லாமல் ஒரு வழியாகத் தண்ணீர் விட்டிருந்தால் அது உரிமையாகிவிடும். உன் தாத்தா காலத்திலிருந்து விடுகிறோம். ஆனால் தடுத்த இரண்டு ஆண்டுக்குள் நீதிமன்றத்துக்குப் போய்விட வேண்டும், பொறுத்துப் பொறுத்துப் பார்த்தால் உரிமை கைவிட்டுப் போய்விடும் என்றார். நம் பக்கத்தில் எத்தனை பேர் சொந்தக்காரர், பழகியவர் என்று பொறுத்தே நிலத்தைத் தரிசாகப் போட்டு, பிறகு அதே ஆளுக்கு அதே நிலத்தை விற்றார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். ஆறு பேர் உடனே நினைவுக்கு வந்தார்கள்.

ஆகவே நான் விற்கவில்லை, பாப்பா. எனக்குப் பிறகு நிலம் உன் கைக்கு வரும். வைத்துக்கொள்வதும் கொடுப்பதும் உன் விருப்பம், அதில் எனக்கு மனத்தாங்கல் இருக்காது. கொடுப்பதாக இருந்தால் வடிகாலைப் பத்திரத்தில் நான்கெல்லையோடு எழுதாமல் கையெழுத்துப் போடாதே. கீழே இன்னும் இருபது வேலி நிலம், நூற்று முப்பது ஏக்கருக்கு மேல், அதில்தான் வடிகிறது.

விளக்கக் கடிதத்தோடு பேரூராட்சிக்கு ஒரு மனுவும் தயார் செய்கிறேன். சாலையில் காயும் நெல்லில் வண்டி சறுக்கி ஆள் விழுவது உண்மை, அதற்கு ஒரு பொதுக் களம் கேட்கிறேன். வயலை ஒட்டி மனை விற்கிறவர், வாங்குகிறவரிடம் இங்கே என்னென்ன இருக்கும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கவுன்சிலர்கள் தீர்மானம் போடக் கேட்கிறேன். அந்தப் பெண்ணும் கையெழுத்துப் போடுகிறேன் என்றாள். அறுவடைக்கு முதல் நாளே தகவல் சொல்லிவிடுகிறேன், குழந்தையை இரண்டு நாள் அம்மா வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடு என்று சொல்லியிருக்கிறேன்.

உன்னால் ஆக வேண்டியது ஒன்று. உங்கள் ஊரில் மனை வாங்குகிறவருக்குக் கொடுக்கும் அந்தத் தாளின் வாசகம் முழுவதும் வேண்டும். மாப்பிள்ளையிடம் சொல்லித் தமிழில் எழுதி, பலகையின் படத்தோடு சேர்த்து அனுப்பு. மேட்டூரை ஜூன் 12 திறந்தால் நான்கைந்து நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வந்துவிடும், வடிகாலில் தண்ணீர் நின்றுவிட்டால் அளக்க முடியாது. சர்வேயர் வருகிற வெள்ளிக்கிழமை வருகிறார். வியாழனுக்குள் கிடைத்தால் அச்செடுத்து வைத்துக்கொள்வேன்.

குறுவைக்கு ஆடுதுறை 43 விதை வாங்கியாகிவிட்டது. பேரன் கேட்ட மண்குதிரையை அம்மா துணியில் சுற்றி வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா