உன் நிலத்து வரத்துக்கால்

அணைக்கட்டு, வேலூர் மாவட்டம்,
வைகாசி 20

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன்; புழுக்கத்தில் கை வியர்த்துத் தாள் நனைந்ததுதான் மிச்சம். நேற்று மாலை ஒரு கோடை மழை கொட்டியது. காற்று கொஞ்சம் குளிர்ந்திருக்கிறது, பேனாவை எடுத்துவிட்டேன். இங்கே எல்லோரும் நலம். உன் தங்கைக்கு முழங்கால் வலி இருந்தபடியே இருக்கிறது. சின்னவள் பட்டப்படிப்பை முடித்துவிட்டாள்.

பிலாயில் ஓய்வு பெற்றதும் ஊருக்கே வந்து மேட்டுக்கொல்லையில் வீடு கட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். வா. அதைவிட எனக்கு வேறு என்ன சந்தோஷம்? ஆனால் "நம் ஊர் வெயில் நமக்குப் பழகியதுதானே" என்றும் எழுதியிருக்கிறாய். அதற்குத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழகிய வெயில் இல்லை இது. 2024-இல் மே முதல் தேதியே வேலூரில் 110 டிகிரியைத் தாண்டியது. கத்திரி வெயில் தொடங்க அப்போது இன்னும் மூன்று நாள் இருந்தது. பகலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இரவைத்தான் தாங்க முடியவில்லை. நாம் பள்ளிக்கூடம் போன காலத்தில் மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துப் பாய் விரித்தால் பத்து மணிக்குள் தூக்கம் வந்துவிடும். இப்போது நடுநிசி கழிந்தும் தளம் சுடுகிறது. பகல் முழுவதும் கல் உடைத்தவனும் செங்கல் சுமந்தவளும் அந்தத் தளத்தில் படுத்து எழுந்து மறுநாளும் வேலைக்குப் போக வேண்டும். வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று தமிழக அரசு 2024 அக்டோபரில் ஆணை போட்டது. நல்ல ஆணைதான். ஆனால் உயிர் போகாமல் காப்பது வேலை நேரத்தை மாற்றுவதும் நிழலும் தண்ணீரும்தான். நூறு நாள் வேலைக்காரர்கள் விடியற்காலையிலேயே வந்து வெயில் ஏறுமுன் வீடு திரும்பட்டும் என்று கிராம சபையில் கேட்டிருக்கிறேன், விடாமல் கேட்பேன்.

செடிக்கும் இதே கதிதான். நம் இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உனக்குத் தெரிந்திருக்கும். பங்குனியில் கால் ஏக்கர் வைத்தேன். செடி தளதளவென்று வளர்ந்தது, பூவும் ஊதா நிறத்தில் நிறைய வந்தது. ஒருநாள் காலை குனிந்து பார்த்தால் செடிக்கடியில் பூவாகக் கொட்டிக் கிடக்கிறது. ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். காம்பு மஞ்சளாகி, பிஞ்சு பிடித்த அடையாளமே இல்லை. வெப்பம் அளவு மீறினால் மகரந்தம் செத்துவிடும், அப்புறம் எவ்வளவு தண்ணீர் பாய்ச்சினாலும் காய் பிடிக்காது. அந்தப் பூக்களை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தேன்.

வெயில் ஒரு பக்கம், வெள்ளம் ஒரு பக்கம். 2019-இல் சென்னைக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் வில்லிவாக்கம் போனதே, உன் மகன்கூட அப்போது குடத்தோடு வரிசையில் நின்றதாக எழுதினாய். அதன்பின் இரண்டே வருஷம்தான். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. வேலூர்க் கோட்டை அகழி நிரம்பி ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் தண்ணீர் புகுந்தது. பேரணாம்பட்டில் சுவர் இடிந்து, நான்கு குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் ஒரே வீட்டில் இறந்தார்கள். காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும் என்கிறார்கள். தாங்கியதை ஒரே மூச்சில் கொட்டுகிறது. இடையிலோ நாள்கணக்கில் வறட்சி. ஆடிப்பட்டத்தில் விதைத்த மானாவாரிக் கடலை, காய் பிடிக்க மண்ணுக்குள் விழுது இறக்கும் நேரம் பார்த்து மழை நின்றுவிடுகிறது.

அந்த நவம்பரில் நம் ஊரில் நடந்ததை உனக்கு இதுவரை முழுதாக எழுதவில்லை. கீழ்த்தெருவில் இடுப்பளவு தண்ணீர். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். மறுநாள் ஏரிக்கரைக்குப் போய்ப் பார்த்தேன். ஏரி பாதிகூட நிரம்பவில்லை! மாவட்டம் முழுக்க ஏரிகள் நிரம்பிக் கோடி போய்க்கொண்டிருக்க, நம் ஏரியில் மிகுந்த தண்ணீர் வழிகிற கலங்கல் காய்ந்து கிடந்தது. மலையிலிருந்து வந்த தண்ணீர் ஏரிக்கு வழி தெரியாமல் தெருவுக்குள் போய்விட்டது.

ஏன் என்று உனக்கே தெரியும். உன் மேட்டுக்கொல்லையின் தெற்கு வரப்பை ஒட்டி, மலைத் தண்ணீரை ஏரிக்குக் கொண்டுபோகும் வரத்துக்கால் ஒன்று இருந்ததே, மழை விட்ட மறுநாள் துண்டை விரித்து அயிரை பிடிப்போமே, அது இப்போது இல்லை. உன் அப்பா போனபின் குத்தகைக்காரர் அதைத் தூர்த்துக் கடலை போட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது என் குற்றம். மேலே இன்னும் மூன்று பேர் நிலத்திலும் இதே நிலைதான்.

சென்ற மாதம் கணியம்பாடி பக்கம் நாகநதியைப் பார்க்கப் போயிருந்தேன். அங்கே 2014-இலிருந்து நூறு நாள் வேலைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து ஓடைப் படுகைகளில் செறிவூட்டும் கிணறுகள் வெட்டினார்கள். ஆழமாகத் தோண்டி, சிமெண்ட் உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கி, ஓடும் தண்ணீரை நிறுத்தி மண்ணுக்குள் அனுப்புகிற வேலை. ஓர் அம்மாள் தன் கிணற்றடிக்கு என்னை அழைத்துப் போய் வாளியை இறக்கிக் காட்டினார். இந்தக் கோடையிலும் கயிறு பாதிதான் இறங்கியது. நம் கிணறு தூர்ந்து முள்செடி முளைத்துக் கிடக்கிறது. ஆழ்துளைக் கிணறோ 700 அடியில் காற்றைக் கக்குகிறது. திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குப் பேச்சே வரவில்லை.

பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தில் நமக்கும் மரக்கன்று தருகிறார்கள். மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்க 2022-இல் தொடங்கியது அது. வாங்கி நடுகிறோம், புரட்டாசியில்தான் நடுகிறோம். நட்டவரே இரண்டு கோடை தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. ஆனால் மண்ணுக்குள் ஈரம் இல்லாமல் எந்த மரம் நிற்கும்? எனக்கு ஏரிதான் முதலில்.

ஏரி வண்டல் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024-இல் விதியை எளிதாக்கிவிட்டார்கள். இருபது பேர் மனுக் கொடுத்திருக்கிறோம். கழனிக்கு வண்டல், ஏரிக்கு ஆழம். மேலே இருக்கிற மூவரில் இருவர் வரத்துக்காலைத் திறக்கச் சம்மதித்துவிட்டார்கள். மூன்றாமவர், "அவன் விட்டால் நானும் விடுகிறேன்" என்று உன்னைக் காட்டுகிறார்.

ஆகவே கேட்கிறேன். அந்த எட்டடி அகலத்தை விட்டுக்கொடு. பழைய புல வரைபடத்தில் வாய்க்கால் தெளிவாக இருக்கிறது, நகலைச் சேர்த்து அனுப்புகிறேன், பார். வீட்டை வடக்கு ஓரமாக, வேப்பமரத்தருகே கட்டு. அங்கேதான் மேடு, எந்த வெள்ளமும் வராது. தளத்துக்கு மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கவும், கூரைத் தண்ணீரைப் பழைய கிணற்றில் விடவும் கொத்தனாரிடம் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

ஆனி பிறந்ததும் நில அளவர் வருகிறார். அதற்குள் உன் சம்மதத்தை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு. முடிந்தால் நீயே வா. ஆடி மழைக்கு முன் பொக்லைன் இறங்க வேண்டும். முள்ளுக்கத்திரியில் தப்பிய நாலு செடியிலிருந்து விதை எடுத்துச் சாம்பலில் புரட்டி வைத்திருக்கிறேன். அதில் பாதி உன் கொல்லைக்கு.

அன்புடன்,
உன் நண்பன்