மவுஸ்பேட்டில் படம் அச்சிடும் கடைகளுக்கு ஒரு வேண்டுகோள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிறந்தநாளுக்கும் பணி ஓய்வுக்கும் குடும்பப் படம் அச்சிட்ட மவுஸ்பேட்டைப் பரிசளிக்கும் பழக்கம் கோலாலம்பூரில் நம்மவர்களிடையேயும் இருக்கிறது. எந்தப் படத்தைக் கொடுப்பது என்று நாள்கணக்கில் யோசிக்கும் நாம், அது எந்தப் பொருளின்மீது பதியப்போகிறது என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு என் அண்ணன் பணி ஓய்வு பெற்றபோது, எங்கள் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கப் பால்மரம் வெட்டிய காலத்தில் வாளியோடு நின்று எடுத்துக்கொண்ட கருப்பு வெள்ளைப் படத்தை நகரில் ஒரு கடையில் கொடுத்து, பார்வைக்குப் பளபளப்பாக இருந்த செயற்கைத் தோல் மவுஸ்பேட்டில் அச்சிட்டு வாங்கினேன். எட்டே மாதத்தில், மணிக்கட்டு ஊன்றும் கீழ் ஓரத்தில் மேற்பூச்சு பொரிந்து, செதில் செதிலாக உரியத் தொடங்கிவிட்டது. அப்பாவின் பாதமும் வாளியின் அடிப்பாகமும் இருந்த இடத்தில் இப்போது வெளிறிய துணிதான் தெரிகிறது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஓரத்தில் கைபடாமல் ஒதுக்கியே மவுஸை நகர்த்துகிறார்.

அச்சில் குறையில்லை, பொருள்தான் நம் ஊருக்கு ஒத்துவராதது. இத்தகைய செயற்கைத் தோலின் மேற்பூச்சு பெரும்பாலும் பாலியூரித்தேன் என்னும் ஒருவகை பிளாஸ்டிக். காற்றிலுள்ள ஈரமே அதை மெல்லச் சிதைத்துவிடும். ஆண்டு முழுவதும் புழுக்கம் நிறைந்த இங்கே கைவியர்வையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டு, பாலியஸ்டர் துணியில் மறுபடியும் அச்சிட்டேன். சாயத்தால் படம் அச்சான தாளைத் துணியின்மீது கவிழ்த்து, ஏறத்தாழ 190 முதல் 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு நிமிடம்போல் அழுத்தும்போது, சாயம் உருகாமல் நேரே ஆவியாகிப் பாலியஸ்டர் இழைக்குள் புகுந்து, சூடு ஆறியதும் அங்கேயே தங்கிவிடுகிறது. படம் துணியின் மேல் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை என்பதால் உரிவதற்கும் ஒன்றுமில்லை. பருத்தித் துணியில் இந்தச் சாயம் நிலைக்காது. கருப்பு வெள்ளைப் படம் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வண்ணச் சாயங்களைக் கலந்தே சாம்பல் நிறம் உண்டாக்குவதால் சில வேளைகளில் பழுப்போ பச்சையோ லேசாகத் தட்டும், ஆகவே சிறு துண்டில் அச்சிட்டுப் பார்த்துவிடுவது நல்லது. துணியின் நெசவு நெருக்கமாக இருந்தால் முகத்தின் நுணுக்கம் கெடாது. புதிய மவுஸ்பேட்டில், அப்பாவின் வாளி விளிம்பில் வழிந்து காய்ந்த பால்கூடத் தெரிகிறது.

அடிப்பாகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பால்மரத்தை நம்பி வளர்ந்த குடும்பம் என்பதால் இதில் எனக்குத் தனி அக்கறை உண்டு. இயற்கை ரப்பர், செயற்கை ரப்பர், நுரைபோன்ற லேசான பிளாஸ்டிக் ஆகிய மூன்றையுமே "ரப்பர்" என்று சொல்லி விற்கிறார்கள். இயற்கை ரப்பர் கனமானது, மேசையை நன்றாகப் பற்றிக்கொள்ளும். முதல் சில நாள்கள் வாடை அடிக்கும், ரப்பர்பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது. நுரை பிளாஸ்டிக்கோ சுருட்டி அனுப்பினால் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும், மவுஸோடு சேர்ந்து தானும் நகரும். அன்றாடப் பயன்பாட்டுக்கு 3 மில்லிமீட்டர் தடிமனே போதும். கண்ணாடியில் அச்சிட்டால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் பளபளப்பான பரப்பில் பல மவுஸ்கள் தடுமாறும்.

அச்சிடும் கடைக்காரர்களிடம் நான் கேட்பது பெரிய காரியமன்று. ஒரே படத்தை வெவ்வேறு பொருள்களில் அச்சிட்ட உள்ளங்கையளவு மாதிரிகளை முகப்பில் வைத்து வாடிக்கையாளரைத் தொட்டுப் பார்க்க விடுங்கள்; மேற்பரப்பு என்ன, அடிப்பாகம் என்ன என்பதை ரசீதிலேயே எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.