நத்தம் சாலையில் என் காலைக் கழுவிய ஐயாவுக்கு

இந்தத் தைப்பூசத்துக்கு முதல் முறையாகக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்தேன். அப்பா தவறிய வருடம். நத்தம் தாண்டியதும் இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். கூட வந்தவர்கள் முன்னே போய்விட்டார்கள்; சாலையோரம் உட்கார்ந்து அழுதேன்.

நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை, ஐயா. குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி என் காலைக் கழுவினீர்கள். தேங்காய் எண்ணெய் தடவி, உங்கள் துண்டைக் கிழித்துக் கட்டினீர்கள். அப்புறம் கோபால்பட்டி வரை எனக்காக மெதுவாகவே நடந்தீர்கள். மகனைப் பறிகொடுத்து ஒன்பது வருடம் என்று வழியில்தான் சொன்னீர்கள். "முருகன்கிட்ட கோவிச்சுக்கிட்டும் நடந்திருக்கேன் தம்பி. நடக்கிறதை மட்டும் விடல." அந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

பெயர் கேட்காமல் விட்டுவிட்டேன். நன்றி ஐயா. அடுத்த தையிலும் அந்தச் சாலையில் உங்களைத் தேடிக்கொண்டே வருவேன்.