எங்கட புயலும் அவங்கட புயலும்

திருகோணமலை

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லோரும் சுகம். சின்னக்காவின் மகளுக்குக் கலியாணம் சரிவந்துவிட்டது. மிச்சத்தை அவளே போனில் ஒரு மணித்தியாலம் சொல்லுவாள், தயாராக இரு.

ஒருவழியாக ராமேஸ்வரம் போய்வந்தேன். காங்கேசன்துறையில் கப்பல் ஏறி நாகப்பட்டினம், அங்கிருந்து பஸ். 22 தீர்த்தமும் ஆடினேன். உன் பாவக்கணக்கையும் சேர்த்துத்தான், ஆனால் அதற்கு 22 காணாது.

நான் சொல்லவந்தது தனுஷ்கோடி. ஸ்டேஷன் என்று சில சுவர்கள்தான் மணலுக்குள் நிற்கின்றன. பெடியள் அதில் சாய்ந்து செல்பி எடுக்கிறார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட்டில் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், மறுபடி ரயிலில் கொழும்பு கோட்டை வரை போகலாமாம். எங்கட சனம் மாகோவில் ரயில் மாறித் தலைமன்னார் போனதை உன் அப்பா எத்தனை தரம் சொல்லியிருப்பார்! நாங்கள்தான் கொட்டாவி விட்டுக்கொண்டு இருந்தோம்.

1964 டிசம்பர் 22 இரவு அதெல்லாம் முடிந்தது. பாம்பனில் இருந்து வந்த 653ஆம் நம்பர் பாசஞ்சர் ரயிலைத் தனுஷ்கோடிக்குக் கிட்ட கடல் அள்ளிக்கொண்டு போனது. நூறு பேருக்கு மேல், ஒருவரும் தப்பவில்லை. அந்தத் திகதியைக் கேட்டதும் எனக்குத் திக்கென்றது. அம்மம்மா சொல்லுவாவே, 'அறுபத்துநாலாம் ஆண்டுப் புயல்', கூரை பறந்த கதை, அதுவேதான்! இங்கே திருகோணமலைப் பக்கம் கரையேறி, வன்னியைக் கடந்து, பாக்கு நீரிணையில் இறங்கி அங்கே போயிருக்கிறது. நாங்கள் எங்கட புயல் வேறு, அவங்கட புயல் வேறு என்றல்லவா இவ்வளவு காலமும் இருந்தோம். சங்கு விற்ற ஒரு அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அங்கயுமா?" என்று கேட்டு, பிறகு விலையில் ஒரு சதமும் குறைக்கவில்லை.

ஸ்டேஷனைத் திரும்பக் கட்டவில்லை. கப்பலை ராமேஸ்வரத்துக்கு மாற்றினார்கள், எண்பதுகளில் சண்டையோடு அதுவும் நின்றது. 1990இல் நின்ற தலைமன்னார் ரயில் 2015இல் வந்துவிட்டது. ஆனால் இறங்கி எங்கே போவது? பழைய இறங்குதுறை துருப்பிடித்துக் கிடக்கிறது. இரண்டு பக்கத்து அரசாங்கமும் ஆளுக்கொரு பேச்சு.

சரி, உனக்கொரு வேலை. தனுஷ்கோடியில் ரயிலால் இறங்கிக் கப்பலுக்கு எவ்வளவு தூரம் நடந்தார்கள், பெட்டிகளை எங்கே திறந்து பார்த்தார்கள், சாப்பாட்டுக்கு என்ன செய்தார்கள் என்று அப்பாவிடம் கேட்டு எழுது. அவருக்குக் காது கேட்கவில்லை என்று சாட்டுச் சொல்லாதே, தாளில் பெரிதாக எழுதிக் காட்டு. வாட்ஸ்அப்பில் கட்டைவிரலை மட்டும் அனுப்பினாயென்றால், சோதனை மண்டபத்துக் கதையை உன் மனுசிக்குச் சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
உன் கட்டையன்