பாயா கடலுக்கடியில என்னைக் கூட்டிட்டுப் போனவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். எழுதணும் எழுதணும்னு தள்ளிப் போட்டுட்டே இருந்தேன், இன்னைக்கு எழுதிடறேன். இத்தாலியில நேப்பிள்ஸ் பக்கத்துல பாயான்னு ஒரு ஊர் (பேரைக் கேட்டுப் பசி எடுத்தா நான் பொறுப்பில்ல), அந்தக் காலத்து ரோம் பணக்காரங்க பங்களா கட்டி உல்லாசமா இருந்த இடம். பெரிய அலை வந்து அடிச்சுட்டுப் போகல, எரிமலைப் பகுதிங்கிறதால தரையே பல நூறு வருஷமா மெதுவா கீழ எறங்கி, வீடு, ரோடு, குளியல் மண்டபம்னு எல்லாம் தண்ணிக்குள்ள போயிருச்சு. 2002ல இருந்து அது பாதுகாக்கப்பட்ட கடலடித் தொல்லியல் பூங்கா.

மொத நன்றி டைவிங் மாஸ்டருக்கு. ரோம் பேரரசர் க்ளாடியஸோட விருந்து மண்டபம் இருக்கிற இடம் அஞ்சு மீட்டர் ஆழம் போல தான், அதுக்கே எனக்கு கை கால் உதறுச்சு. கீழ போயி சிலையப் பாத்த சந்தோஷத்துல நான் கட்டை விரலைத் தூக்கி சூப்பர்னு காட்ட, டைவிங்ல அதுக்கு மேல போலாம்னு அர்த்தமாம், கிளாஸ்ல சொல்லிக் குடுத்தத மறந்துட்டேன், மனுஷன் என்னை இழுத்துட்டு மேல வந்துட்டாரு! விஷயம் தெரிஞ்சதும் திட்டாம, சிரிச்சுட்டு திரும்பக் கூட்டிட்டுப் போனாரு பாருங்க, அந்தப் பொறுமைக்கு கையெடுத்துக் கும்பிடறேன்.

தண்ணியில எறங்க மாட்டேன்னு அடம் புடிச்ச அம்மாவ, கண்ணாடி வச்ச படகுல உக்கார வச்சு ஒவ்வொரு சுவரா காட்டுன படகுக்காரருக்கும் நன்றி. பாஷையே தெரியாம ரெண்டு பேரும் எப்படித்தான் ஒரு மணி நேரம் பேசுனாங்களோ.

உண்மைய சொல்றேன், அந்த சிலையெல்லாம் நகல்னு கேள்விப்பட்டதும் எனக்கு சப்புன்னு ஆயிருச்சு. இவ்வளவு கஷ்டப்பட்டு வந்தது டூப்ளிகேட் பாக்கவான்னு கரையில நின்னு பொலம்புனேன். வழிகாட்டி அக்கா ஒண்ணும் சொல்லல, மறுநாள் மேல கோட்டையில இருக்கிற மியூசியத்துக்கு அனுப்பி வச்சாங்க. ஒரிஜினல் எல்லாம் அங்கதான் இருக்கு, க்ளாடியஸோட அம்மா அந்தோனியா, சின்ன வயசுலயே போயிட்ட க்ளாடியஸோட பொண்ணு, மதுக் கடவுள் டயோனைசஸ். கூட, கிரேக்கக் காவிய நாயகன் ஒடிசியஸோட ஆளு ஒருத்தன் திராட்சை மதுவத் தோல் பையில தூக்கிட்டு நிக்கிறான், அவன் உடம்பெல்லாம் ஓட்டை ஓட்டையா இருக்கு. கல்லைத் துளைக்கிற சிப்பி வேலை. மணலுக்கு வெளிய நீட்டிட்டு இருக்கிற பளிங்குக்கு கடல்ல இதுதான் கதி. அத நேர்ல பாத்தப்புறம் வாய மூடிக்கிட்டேன்.

அடுத்து, நான் பாத்தே இராத ஆளுங்க. ரோபெர்தோ பெட்ரியாஜி தலைமையில 2003ல இருந்து தண்ணிக்கு அடியிலேயே உக்காந்து பழைய சுவரையும் தரையையும் சுத்தம் பண்ணி, விரிசல்ல காரை பூசி சரி பண்ணுன மறுசீரமைப்பு டீம். ஆக்ஸிஜன் சிலிண்டர் மாட்டிக்கிட்டு கொத்தனார் வேலைன்னு வச்சுக்கோங்க (சிலிண்டர்ல இருக்கிறது வெறும் காத்துதான், ஆக்ஸிஜன் இல்லன்னு மாஸ்டர் திருத்துவாரு, சரி சரி). கலவை தண்ணியில கரைஞ்சு போகாம புடிக்கணும்ல, நெனச்சாலே தல சுத்துது.

கடைசியா அந்த வழிகாட்டி அக்காவுக்கு. ரெண்டாவது டைவ்ல வெறும் மணல் தரை மாதிரி இருந்த இடத்துல நின்னாங்க, கைய விசிறி மாதிரி மெதுவா ஆட்டுனாங்க, மணல் எழும்பி விலகி, கீழ கறுப்பும் வெள்ளையுமா மொசைக் தரை. நகல் இல்ல, ரோமானியன் நடந்த அதே தரை. தொட கை நீட்டுனேன், டப்புன்னு கைல ஒரு தட்டு தட்டுனாங்க, அதுக்கும் சேத்து நன்றி அக்கா. நான் இன்னும் பாத்துட்டே இருக்கும்போதே மணல அள்ளி அள்ளித் திரும்ப மூடிட்டாங்க, ஒரு மூலை கூட விடல. அடுத்த டீம் எங்களுக்கு மேல வந்து நின்னுட்டு, இங்க என்னடா இருக்குன்னு தேடிட்டு இருந்துச்சு.